தாந்தே: தண்டிக்கப்பட்டவர் வகுத்த தண்டனைகள்

நீதியை விரும்பாத மனிதர் இல்லை. ஆயினும் நீதி எது என்னும் வினாவை ஆழ்ந்து சிந்திப்போர் பெரும்பாலும் அநீதிக்கு ஆளானவர்களே. இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே அலிகியேரியின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

புளோரன்ஸ் நகரில் 1265ஆம் ஆண்டு பிறந்தவர் தாந்தே. ஏறத்தாழ ஒன்பது வயதில் பியாட்ரிஸ் என்னும் சிறுமியைக் கண்டார். 1290இல் அவ்வம்மையார் மறைந்த பின்னும் அவ்வன்பே அவர் கவிதைக்கு ஊற்றாய் நின்றது. 1289இல் கம்பால்தினோ களத்தில் குதிரை வீரராய்ப் போரிட்டார். பின்னர் அரசியலில் புகுந்து, 1300ஆம் ஆண்டு சூன் நடுவிலிருந்து இரு மாதங்கள் நகரின் ஆட்சித் தலைவர்களுள் ஒருவராய்ப் பணியாற்றினார். கட்சிப் பூசலைத் தணிப்பதற்காக இரு அணித் தலைவர்களையும் அவ்வாட்சி வெளியேற்றியது. தாந்தேயின் நெருங்கிய நண்பரும் கவிஞருமான குய்தோ கவல்கந்தியும் அவர்களுள் ஒருவர். நோயுற்றுத் திரும்பிய அவர் அவ்வாண்டே இறந்தார். தீர்ப்பு வழங்குவோரின் துயரையும் தாந்தே அறிந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்த ஆண்டு, தூதராகப் போப் எட்டாம் பொனிபேசிடம் அவர் சென்றிருந்த வேளையில், எதிரணி நகரைக் கைப்பற்றியது. 1302 சனவரி 27ஆம் நாள், பதவியில் இருந்து கையூட்டுப் பெற்றார் எனக் குற்றம் சாட்டி, 5,000 புளோரின் அபராதமும் ஈராண்டு நாடுகடத்தலும் விதித்தனர். அவர் அதற்குப் பணியவில்லை. மார்ச்சு 10ஆம் நாள், பிடிபட்டால் உயிரோடு எரித்திடுக என்ற தீர்ப்பும் வந்தது. அன்றுமுதல் அவர் பிறந்த மண்ணை மிதிக்கவேயில்லை.

இவ்வாறு பிறர் வாயிலில் உண்டு, பிறர் மாடிப்படி ஏறி வாழ்ந்த காலத்தில்தான், நரகம், தூய்மை பெறும் மலை, சுவர்க்கம் ஆகிய மூன்றினூடே செல்லும் நூறு காண்டங்கள் கொண்ட காவியத்தை அவர் பாடினார். ரோமானியக் கவிஞர் வர்ஜில் வழிகாட்ட, ஒன்பது வட்டங்களாய்ச் சரிந்து செல்லும் நரகில் தாந்தேயே இறங்கிச் செல்கிறார்.

அந்நரகின் தண்டனைகள் வெறும் வதைகள் அல்ல. காம வேட்கையின் போக்கில் சென்றோரை ஓயாத சூறைக்காற்று அலைக்கழிக்கிறது. கஞ்சரும் ஊதாரிகளும் பெரும் பாரங்களை உருட்டி வந்து ஒருவரோடொருவர் மோதுகின்றனர். வட்டி வாங்கியோர் கழுத்தில் பணப்பையோடு சுடுமணலில் அமர்ந்து, அங்கும் அப்பையையே நோக்குகின்றனர். எதிர்காலத்தைக் காண முயன்ற குறிகாரர் முகம் பின்புறம் திரும்பிய நிலையில் நடக்கின்றனர். வெளிவேடக்காரர் அணிந்த மேலாடை புறத்தே பொன், அகத்தே ஈயம். தந்தையையும் மகனையும் பிரித்தவன் தன் தலையைத் துண்டாய்க் கையில் ஏந்தி வருகிறான். துரோகிகளின் உறைவிடமோ நெருப்பன்று, பனிக்கட்டி. அன்பு வற்றிய நெஞ்சுக்கு வேறெது பொருந்தும்? தண்டனை வெளியிலிருந்து வருவதன்று. பாவமே தன் உண்மை உருவில் வெளிப்படுகிறது என்பதே தாந்தேயின் கருத்து என நாம் கொள்ளலாம். குற்றத்தோடு தொடர்பற்ற தீர்ப்பைச் சுமந்தவர், குற்றத்திலிருந்து பிரிக்கவே இயலாத தீர்ப்பைக் கற்பனையில் கண்டார்.

கையூட்டு வாங்கியோர் கொதிக்கும் கீலில் மூழ்கும் பள்ளமும் அங்குண்டு. காவியத்தில் தாந்தேயைப் பேய்கள் துரத்துவது அவ்விடத்தில்தான். தம்மீது சுமத்தப்பட்ட பழியின் பள்ளத்திலிருந்து அவர் தப்பி வருகிறார்!

அவர் கல் நெஞ்சரும் அல்லர். காதலால் கெட்ட பிரான்செஸ்காவின் கதை கேட்டு மயங்கி விழுகிறார். சுடுமணலில் ஓடும் தம் ஆசான் புருனேத்தோவைக் கண்டு தலை தாழ்த்தி நடக்கிறார்.

எனினும் அவர் தம் காலத்தின் எல்லைகளைக் கடந்துவிடவில்லை. இப்னு சீனா, இப்னு ருஷ்து, சுல்தான் ஸலாஹுத்தீன் ஆகியோரை வதையற்ற முதல் வட்டத்தில் சான்றோருடன் வைத்தவர், பிளவு செய்தோர் பகுதியில் இஸ்லாத்தைப் பற்றி அக்கால ஐரோப்பியரின் தவறான எண்ணத்தையே எதிரொலித்தார். அப்பகுதி நம் உள்ளத்தைப் புண்படுத்துவது. நீதியைப் பாடியவரும் பிறரை அறியாமல் தீர்ப்பளித்தார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. மறுபுறம், மிஃராஜ் பற்றிய இஸ்லாமிய மரபுச் செய்திகளின் சாயல் இக்காவியத்தில் உண்டென 1919இல் ஸ்பானிய அறிஞர் ஆசின் பலாசியோஸ் எழுதிய நூல் பெரும் விவாதத்தை எழுப்பியது.

1315இல், இழிவை ஏற்றுப் பணிந்தால் ஊர் திரும்பலாம் என்ற வாய்ப்பு வந்தது. தாந்தே மறுத்தார். 1321 செப்டம்பரில் ரவென்னாவில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பின்னாளில் புளோரன்ஸ் அவருடைய உடலைப் பலமுறை கேட்டது, ரவென்னா தரவில்லை. 1829இல் சாந்தா குரோசே ஆலயத்தில் அவருக்கொரு நினைவுக் கல்லறையை அந்நகர் எழுப்பியது. 2008இல் நகர மன்றம் பழைய தீர்ப்பையும் நீக்கியது. ஆனால் அக்கல்லறை இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. தன் மைந்தனை வெளியேற்றிய நகருக்கு, தாந்தேயே வகுத்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமான தண்டனையை வகுத்திருப்பாரா என்பதே நம் எண்ணம்.