தழும்பு முகத்துச் சீமாட்டி

எங்கள் உம்மம்மாவின் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, வட்டமான தழும்பொன்று இருக்கிறது. சிறு வயதில் அம்மைப்பால் குத்தியதாம். அதன் கதையைத் தேடிப் போனபோதுதான் மேரி வொர்ட்லி மொண்டகு சீமாட்டியை அறிந்தேன். எட்வர்ட் ஜென்னரின் பெயரைப் பாடமாக்கும் நாம், அவருக்கு முன் நடந்த இப்பெண்மணியை ஏனோ மறந்துவிடுகிறோம்.

1689 இல் இங்கிலாந்தில் பிரபு குடும்பமொன்றில் பிறந்தவர் மேரி. தந்தையின் நூலகத்தில் தாமாகவே இலத்தீன் கற்றார். தந்தை பார்த்த மாப்பிள்ளையை விரும்பாமல் வீட்டை விட்டுச் சென்று, 1712 இல் எட்வர்ட் வொர்ட்லி மொண்டகுவை மணந்தார். மறு வருடம் அவருடைய சகோதரரைப் பெரியம்மை கொண்டுபோனது. 1715 இல் அவரையும் பிடித்தது. உயிர் தப்பியது; அழகி எனப் பேசப்பட்ட முகம் தழும்பேறி, இமைமயிரும் உதிர்ந்தது.

பெரியம்மை ஒரு வைரஸ் நோய். நோயாளியின் எச்சில் துளிகளோடு வந்து மூச்சு வழியே நுழையும். ஏறக்குறையப் பன்னிரண்டு நாட்கள் வெளியே தெரியாமல் உடற்கலங்களுக்குள் புகுந்து, அவற்றைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். பிறகு காய்ச்சலும் கொப்புளங்களும். பத்துப் பேரில் மூவர் வரை இறந்தார்கள். தப்பியவரை அது மறுபடி அண்டுவதில்லை. உடல் அவ்வைரஸை அடையாளம் வைத்திருக்கும்.

கணவர் உஸ்மானியப் பேரரசுக்குத் தூதுவரானதால் 1717 இல் மேரி எதிர்னே நகரை அடைந்தார். அங்கே இந்நோய்க்கு யாரும் நடுங்கவில்லை. வெயில் தணியும் செப்டம்பரில் குடும்பங்கள் கூடுமாம். மூதாட்டி ஒருவர் கொட்டையின் கோது நிறைய அம்மைச் சீழ் கொண்டுவந்து, ஊசியால் தோலைக் கீறி அதில் வைப்பார். எட்டாம் நாள் காய்ச்சல், இரண்டு மூன்று நாள் படுக்கை, அவ்வளவுதான். மூச்சு வழியே வராமல் தோல் வழியே வந்த வைரஸ் பெரும்பாலும் இலேசாகவே தாக்கியது.

1718 மார்ச்சில், கணவர் அருகில் இல்லாத வேளையில், மேரி தம் மகனுக்கு அதைச் செய்வித்தார். கிரேக்க மூதாட்டியின் கை நடுங்கியதால் மறு கையைத் தூதரக வைத்தியர் மெயிட்லண்ட் கீறினார். கைக்குழந்தையான மகளுக்குச் செய்விக்கவில்லை. பாலூட்டும் தாதிக்கு அம்மை வந்திருக்கவில்லை. குத்தப்பட்டவரிடமிருந்தும் நோய் தொற்றும்.

1721 இல் இலண்டனில் பெரியம்மை பரவியபோது மகளுக்கு மூன்று வயது. அதே மெயிட்லண்டை அழைத்தார் மேரி. சாட்சிகள் வேண்டுமென்றார் அவர். அரச வைத்தியர்கள் வந்து நின்றார்கள். குழந்தை பிழைத்தது. ஆனாலும் பாதிரிமார் சிலர் கண்டித்தார்கள். பெண்கள் கைப்பழக்கமாகச் செய்வதை வைத்தியமாக ஏற்க வைத்தியர்கள் பலருக்கு மனம் வரவில்லை. குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவர் இறக்கத்தான் செய்தார்கள் என்பதும் உண்மை. அதே ஆண்டு நியூகேட் சிறையில் ஆறு கைதிகளுக்கு விடுதலை தருவதாகக் கூறிச் சோதித்தார்கள். அறுவரும் பிழைத்தார்கள் என்றாலும் அது எனக்கு ஏற்கவில்லை. 1722 இல் இளவரசி கரோலினின் புதல்வியர் இருவருக்கும் குத்தப்பட்டது.

சிறுவனாக இருந்தபோது இம்முறையில் குத்தப்பட்டவர்தான் ஜென்னர். 1796 இல் அவர் ஆபத்துக் குறைந்த பசுவம்மையைப் பயன்படுத்தினார். 1980 இல் பெரியம்மை உலகில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. உம்மம்மாவின் கையிலுள்ள தழும்பு எனக்கு இல்லாதது அதனால்தான்.

மேரி 1762 இல் புற்றுநோயால் காலமானார். இதையெல்லாம் சொன்னபோது உம்மம்மா கேட்டது ஒன்றைத்தான்: அந்தச் சின்ன மகள் என்ன ஆனாள்? அவள் வளர்ந்து, பியூட் பிரபுவை மணந்து, தாய் இறந்த ஆண்டில் இங்கிலாந்துப் பிரதமரின் மனைவியாக இருந்தாள்.