கொழுப்பின் ரகசியத்தைக் கண்டவர்

102 வயது வாழ்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி

வயதுக்கு மீறிப் பருமனாக இருக்கும் குழந்தையை டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். ரத்தத்தைச் சோதிக்கும்படி அவர் சொல்கிறார். சோதனைச் சீட்டில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: கொலஸ்டிரால், டிரைகிளிசரைடு, குளுகோஸ்.

இந்த மூன்றையும் பற்றி ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் மிஷேல் யூஜின் செவ்ரல்.

புரட்சிக் காலச் சிறுவன்

பிரான்ஸ் நாட்டில் ஆஞ்சே என்ற நகரில், 1786-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி செவ்ரல் பிறந்தார். தகப்பனார் டாக்டர்.

குழந்தைக்கு 3 வயது நிறையுமுன் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. 1793-ல் அரசனின் தலையே வெட்டப்பட்டது. நாடு அல்லோலகல்லோலப்பட்ட அந்த நாட்களில்தான் செவ்ரல் வளர்ந்தார்.

17-வது வயதில் பாரீஸ் நகருக்குச் சென்றார். வாக்லன் என்ற புகழ் பெற்ற ரசாயனப் பேராசிரியரின் ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்தார்.

சோப்பில் கிடைத்த முத்து

1811-ம் ஆண்டில் ஒரு நாள், பன்றிக் கொழுப்பில் செய்த சோப்பு ஒன்றைச் சோதிக்கும்படி செவ்ரலிடம் கொடுத்தார்கள். அதை அவர் தண்ணீரில் கரைத்தார். முழுவதும் கரையவில்லை. முத்துப் போல் பளபளக்கும் ஒரு பொருள் அடியில் படிந்தது.

அது என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடி, 12 ஆண்டுகள் உழைத்தார்.

கொழுப்பு என்பது ஒரே பொருள் என்றுதான் அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள். அது தவறு என்று செவ்ரல் காட்டினார். கொழுப்பைக் காரத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, கொழுப்பு அமிலம். மற்றொன்று, இனிப்பான பாகு போன்ற திரவம். அந்தத் திரவத்துக்குக் கிளிசரின் என்று பெயர் வைத்தவர் அவரே.

பிரித்து எடுத்த பொருள் சுத்தமானதா என்று அறிய அவர் ஒரு வழி வைத்திருந்தார். அதைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்வார். ஒவ்வொரு தடவையும் அதே சூட்டில் உருகுகிறதா என்று பார்ப்பார். உருகும் சூடு மாறாமல் நின்றால்தான் ஒப்புக்கொள்வார். அத்தனை பொறுமை!

பித்தக்கல்லும் சர்க்கரையும்

மனிதனின் பித்தப்பையில் உண்டாகும் கல்லில் வெள்ளையான, பளபளப்பான ஒரு பொருள் இருக்கிறது. பார்த்தால் கொழுப்புப் போலவே இருக்கும். ஆனால், காரத்துடன் காய்ச்சினால் அது சோப்பாக மாறுவதில்லை. ஆகவே இது வேறு பொருள் என்று செவ்ரல் முடிவு செய்தார். கிரேக்க மொழியில் பித்தம், கெட்டி என்று பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்து, கொலஸ்டிரின் என்று பெயரிட்டார். அதுதான் இன்று கொலஸ்டிரால்.

1815-ம் ஆண்டில் நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் உள்ள சர்க்கரையையும் சோதித்தார். அது கரும்புச் சர்க்கரை அல்ல. திராட்சைப் பழத்தில் உள்ள சர்க்கரை என்று கண்டார். அதுதான் குளுகோஸ்.

ஒன்று பித்தக்கல்லில் கிடைத்தது. மற்றொன்று சிறுநீரில் கிடைத்தது. இரண்டும் ஒரே குழந்தையின் ரத்தத்தில் சேர்ந்து அபாயம் காட்டும் என்று அந்தக் காலத்தில் யார் நினைத்திருப்பார்கள்?

ஏழை வீட்டு விளக்கு

அக்காலத்தில் ஏழைகள் மாட்டுக் கொழுப்பில் செய்த வத்திகளை ஏற்றினார்கள். அவை புகைந்தன, நாற்றம் அடித்தன. கெட்டியான கொழுப்பு அமிலத்தில் வத்தி செய்ய, கே-லுசாக் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 1825-ல் செவ்ரல் உரிமை பெற்றார். அந்தத் தொழிலில் அவர்கள் வெற்றி பெறவில்லை. பின்னால் மற்றவர்கள் அதைச் சீர்திருத்தி, நாற்றமில்லாத வெளிச்சத்தை வீடுகளுக்குக் கொண்டு வந்தார்கள்.

செவ்ரல் மது அருந்தாதவர். முதுமையிலும் வேலையை விடவில்லை. 1886-ல் அவருடைய 100-வது பிறந்த நாளைப் பாரீஸ் நகரம் கோலாகலமாகக் கொண்டாடியது. 1889-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி, 102-வது வயதில் காலமானார். ஈபெல் கோபுரத்தில் பொறித்துள்ள 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

அவருக்குப் பின்

மனித ரத்தத்திலும் கொலஸ்டிரால் உண்டு என்று 1833-ல் பூதே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். 1913-ல் ரஷ்ய விஞ்ஞானி அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிரால் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் ரத்தக் குழாய்கள் தடித்தன.

அமெரிக்காவில் பொகலூசா என்ற ஊரில், 1973 முதல் டாக்டர் பெரன்சன் குழந்தைகளின் ரத்தத்தை ஆண்டுக்கணக்கில் சோதித்து வந்தார். அவர்களில் சிலர் விபத்து முதலியவற்றால் இளம் வயதில் இறந்தார்கள். அவர்களுடைய ரத்தக் குழாய்களைப் பார்த்தபோது, உட்சுவரில் கொழுப்புக் கோடுகள் தென்பட்டன. உடல் பருமனும் ரத்தக் கொழுப்பும் கூடுதலாக இருந்தவர்களுக்குக் கோடுகளும் கூடுதலாக இருந்தன. மாரடைப்புக்கு விதை குழந்தைப் பருவத்திலேயே விழுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

சீட்டு சொல்லும் செய்தி

கிளிசரினும் கொழுப்பு அமிலமும் சேர்ந்ததுதான் டிரைகிளிசரைடு. மிதமிஞ்சிய இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் ஈரல் இந்தக் கொழுப்பாக மாற்றுகிறது. பருமனான பல குழந்தைகளுக்கு இது ஏறுகிறது. நல்ல கொலஸ்டிரால் குறைகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் சர்க்கரையும் மெல்ல ஏறுகிறது.

10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு 130-ஐத் தொட்டால் அதிகம். மொத்தக் கொலஸ்டிரால் 200-ஐத் தொட்டால் அதிகம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐத் தொட்டால் எச்சரிக்கை. 126-ஐத் தொட்டால், மறு சோதனையிலும் அப்படியே இருந்தால், நீரிழிவு.

இவை ஏறும்போது வலி தெரியாது. குழந்தை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். ரத்தம் ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

பயப்பட வேண்டாம். பிள்ளையைக் கேலி செய்யவும் வேண்டாம். இனிப்புப் பானத்தையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குடும்பமே குறைத்துக்கொண்டால், பிள்ளையும் தினம் ஒரு மணி நேரம் ஓடி விளையாடினால், இந்த எண்கள் இறங்கக்கூடும். கொழுகொழுவென்று இருப்பதெல்லாம் ஆரோக்கியம் அல்ல என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.