மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில், பொருள்வளம் இல்லாத குடியில், 1815-இல் பிறந்தவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தந்தையார் சிதம்பரம் பிள்ளையே முதலாசிரியர். இளமையிலேயே அவரை இழந்தமையால் குடும்பச் சுமையும் கல்வி வேட்கையும் ஒருங்கே சேர்ந்தன.

தமிழ் நூல்களிற் பெரும்பாலானவை அன்று ஏட்டுச்சுவடிகளாகவே இருந்தன. சுவடி உடையவர் மனம் கனிந்தாலன்றிக் கல்வி கைகூடாது. பிள்ளையவர்களிடம் கொடுக்கப் பொருள் இல்லை, உழைப்பு இருந்தது. தண்டியலங்காரத்தில் வல்ல பரதேசி ஒருவர் பிச்சையேற்று வாழ்ந்துவந்தார். அவர் பின்னே தெருத்தெருவாகச் சென்று, பணிவிடை புரிந்து, அந்நூலைக் கற்றார்.

பாடும் ஆற்றலே பின்னர் அவருக்கு வழி திறந்தது. ஊரார் வேண்ட அவர் பாடிய தலபுராணங்கள் 20-க்கும் மேற்பட்டவை. திருவாவடுதுறை ஆதீனம் மகாவித்துவான் பட்டமளித்துத் தன் புலவராக ஏற்றது.

உயர்ந்தபின் அவர் செய்ததே பெரிதும் நினைக்கத்தக்கது. தாம் அரிதிற் பெற்றதை எளிதாக வழங்கினார். மாணாக்கரிடம் பொருள் பெறவில்லை. உண்டியும் உறையுளும் தந்து பாடம் சொன்னார். கிறித்தவரான சவரிராயலு நாயகரும், இசுலாமியரான நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் கற்றனர். 1871-இல் மாயூரத்தில் வந்து சேர்ந்த ஏழை இளைஞர் உ. வே. சாமிநாதையர்.

வாரி வழங்கிய அவரைக் கடன் இறுதிவரை விடவில்லை. 1876-இல் மறைந்தார். 1887-இல் சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. ஏட்டுக்காகப் பிறர் வாயிலில் நின்றவரின் மாணாக்கர், ஏட்டிலிருந்ததை எல்லார் கைக்கும் நூலாக்கித் தந்தார்.