குண்டு எறிதலில் 2 ஆசியத் தங்கம்... அர்ஜுனா விருது வந்ததோ 45 ஆண்டு கழித்து! யார் இந்த பர்துமன் சிங் பிரார்?

சிவகாசி, சாத்தூர் பக்கம் ‘குண்டு’ என்றாலே தீபாவளி அணுகுண்டுதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஆனால் விருதுநகர் மாவட்டப் பள்ளிகளின் விளையாட்டு அறைக்குள் போனால் இன்னொரு குண்டும் இருக்கும். கேரம் போர்டுக்கும் கிழிந்த வாலிபால் வலைக்கும் நடுவே துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புக் குண்டு. மாவட்டப் போட்டி நெருங்கும்போதுதான் அதைத் தேடுவார்கள்.

அந்த இரும்புக் குண்டை வைத்து ஆசிய விளையாட்டுப் போட்டியில் அடுத்தடுத்து இரண்டு முறை தங்கம் வென்றவர் பர்துமன் சிங் பிரார். மில்கா சிங் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் பலருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே காலத்தில், ஒரே ஊரில் தங்கம் வாங்கியவர்கள் என்பதும் தெரியாது.

பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில் பக்தா பாய் கா என்று ஒரு ஊர். 1927 அக்டோபர் 15-ம் தேதி அங்கே பிறந்தார் பர்துமன். நம்மூரில் பிரத்யும்னன் என்கிறோமே, அதே பெயரின் பஞ்சாபி உச்சரிப்புதான் இது. 1950-களின் பெரும்பகுதியில் குண்டு எறிதல், வட்டு எறிதல் இரண்டிலுமே தேசிய சாம்பியன் இவர்தான்.

இது சாதாரண விஷயம் கிடையாது. வட்டின் எடை 2 கிலோ. அதைச் சுழன்று வீச வேண்டும். ஆண்களுக்கான குண்டின் எடை 7.26 கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோ கேஸில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். வட்டுக்கு கை வீச்சும் சுழற்சியும் முக்கியம் என்றால், குண்டுக்கு வெடித்துக் கிளம்பும் பலம் வேண்டும். இரண்டிலும் ஒருவரே முதலிடத்தில் இருப்பது அப்போதும் அரிது, இப்போதும் அரிது.

சொல்லப்போனால் தமிழில் நாம் ‘குண்டு எறிதல்’ என்று சொல்வதே கொஞ்சம் தப்பு. விதிப்படி குண்டை எறியவே கூடாது! கழுத்தோடு ஒட்டி வைத்து, ஒரே கையால், தோளிலிருந்து தள்ள வேண்டும். கை தோளுக்குப் பின்னால் போனால் ஃபவுல். இத்தனையும் 2.135 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் நடந்தாக வேண்டும். ஓடி வர இடம் கிடையாது. வட்டத்தின் முன்பக்கம் இருக்கும் கட்டைக்கு மேலே கால் பட்டாலும் அந்த வாய்ப்பு போச்சு. குண்டு விழுந்து மண்ணில் பதிந்த தடத்தில், வட்டத்துக்கு மிக அருகில் இருக்கும் புள்ளியிலிருந்துதான் தூரத்தை அளப்பார்கள்.

1954 மே: மணிலா

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலேயே குண்டு எறிதல் தங்கம் இந்தியாவுக்குத்தான். வென்றவர் மதன் லால். அடுத்த போட்டி 1954 மே மாதம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில். விருதுநகர்க்காரரான காமராஜர் சென்னை மாகாண முதல்வராகப் பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத நேரம் அது.

அப்போது பர்துமனுக்கு வயது 26. குண்டை 14.14 மீட்டர் தள்ளித் தங்கம் வென்றார். வட்டு எறிதலிலும் தங்கம். அந்தப் போட்டியில் இந்தியா வென்ற மொத்தத் தங்கமே 5 தான். அதில் இரண்டு இவர் ஒருவருடையது.

அதே மே மாதத்தில் உலகின் மற்ற இடங்களில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கதை முழுசாகப் புரியும். மே 6-ம் தேதி இங்கிலாந்தில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடி முடித்தார். இரண்டே நாளில், மே 8-ம் தேதி, அமெரிக்காவின் பாரி ஓ பிரையன் குண்டை 18.42 மீட்டர் தள்ளி, 60 அடியைத் தாண்டிய முதல் மனிதர் ஆனார். மணிலா போட்டிகள் அப்போது இன்னும் முடியவே இல்லை.

ஆசிய சாம்பியனுக்கும் உலக சாதனைக்கும் நடுவே 4 மீட்டருக்கு மேல் இடைவெளி! காரணம் உடல் பலம் மட்டுமில்லை. அதுவரை வீரர்கள் பக்கவாட்டில் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓ பிரையன் குண்டு போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டி நின்றார். அங்கிருந்து பின்னோக்கி வழுக்கி வந்து, அரை வட்டம் திரும்பித் தள்ளினார். கூடவே எடைப் பயிற்சியையும் விடாமல் செய்தார். அமெரிக்கப் பல்கலைக்கழக மைதானங்களில் கிடைத்த அந்த வசதியும் ஆராய்ச்சியும், சுதந்திரம் வாங்கி 7 வருடம்கூட ஆகாத நாட்டின் வீரருக்கு எங்கே கிடைக்கும்? 14.14 என்ற எண்ணை இதையெல்லாம் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

டோக்கியோவில் மறைந்த வெளிச்சம்

நான்கு வருடம் கழித்து, 1958-ல் டோக்கியோ. இந்த முறை 15.04 மீட்டர். மணிலாவைவிட 90 சென்டிமீட்டர் அதிகம். 30 வயதில் மறுபடியும் தங்கம். வட்டு எறிதலில் இன்னொரு இந்தியரான பல்கார் சிங் தங்கம் வாங்க, பர்துமனுக்கு வெண்கலம்.

ஆனால் டோக்கியோ என்றால் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஒரே ஒரு பெயர்தான். 200 மீட்டர், 400 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற மில்கா சிங். அவருடைய புகழ் நியாயமானது, சந்தேகமே இல்லை. ஓட்டத்தைப் பார்க்க ஸ்டேடியமே எழுந்து நிற்கும். குண்டு எறிதல் மைதானத்தின் ஒரு மூலையில் நடந்து முடிந்துவிடும். இன்றைக்கும் டிவி நேரலையில் அதைக் காட்டுவது ஓட்டப் பந்தயங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தானே!

1962-ல் ஜகார்த்தா. இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்காததை, ஆசிய விளையாட்டைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான இந்தியர் ஜி.டி.சோந்தி எதிர்த்தார். அதனால் ஊரே இந்தியாவுக்கு எதிராகக் கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்களுக்கு மைதானத்தில் கேலிக் கூச்சல். அப்படிப்பட்ட ஒரு போட்டியில், 35 வயதை நெருங்கிக்கொண்டிருந்த பர்துமன் வட்டு எறிதலில் வெள்ளி வென்றார். மூன்று ஆசியப் போட்டிகளில் மொத்தம் 5 பதக்கங்கள்.

விருது எப்போது வந்தது?

மத்திய அரசு அர்ஜுனா விருதைத் தொடங்கியது 1961-ல். அதற்கு அடுத்த வருடம்தான் ஜகார்த்தா வெள்ளி. அதாவது விருது வந்தபோது பர்துமன் களத்தில் இருந்தார், பதக்கமும் வென்றுகொண்டிருந்தார். ஆனாலும் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது 1999-ல். மணிலா தங்கத்துக்கு 45 ஆண்டுகள் கழித்து, 70 வயதைத் தாண்டிய பிறகு.

பழைய வீரர்களின் வாழ்நாள் பங்களிப்புக்கென்று தியான் சந்த் விருது 2002-ல்தான் வந்தது. அதுவரை அந்தத் தலைமுறைக்கு என்று தனியாக எதுவும் இல்லை. மணிலாவில் இவரோடு சேர்ந்து 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற சர்வன் சிங், பிற்காலத்தில் டாக்ஸி ஓட்டிப் பிழைத்தார். ஒருவருக்கு மட்டும் நேர்ந்த மறதி என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இத்தனைக்கும் குண்டு எறிதல் இந்தியாவுக்கு ராசியான போட்டி. பர்துமனுக்குப் பிறகு ஜோகிந்தர் சிங் 1966, 1970-லும், பகதூர் சிங் 1978, 1982-லும் ஆசியத் தங்கம் வென்றார்கள். 2018-ல் ஜகார்த்தாவில் 20.75 மீட்டர் தள்ளித் தங்கம் வென்ற தஜிந்தர்பால் சிங் தூர், பட்டிண்டாவுக்குப் பக்கத்து மாவட்டமான மோகாவைச் சேர்ந்தவர். பர்துமன் வெள்ளி வாங்கிய அதே ஸ்டேடியத்தில்தான் 56 வருடம் கழித்து அந்தத் தங்கம் வந்தது. 2023-ல் சீனாவின் ஹாங்சோவிலும் தூருக்கே தங்கம்.

தூரின் அந்த வெற்றிகளைப் பார்க்க பர்துமன் இல்லை. கடைசிக் காலத்தில் பக்கவாதத்தால் முடங்கியிருந்த அவர், 2007 மார்ச் 22-ம் தேதி 79 வயதில் காலமானார். அதற்குச் சரியாக 30 நாள் கழித்து, ஏப்ரல் 21-ம் தேதி, அமெரிக்காவில் மூத்தோர் நீச்சல் போட்டி ஒன்றில் நீந்திக்கொண்டிருந்தபோது பாரி ஓ பிரையனும் இறந்துபோனார்.