பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ்

பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் (ஜூலை 30, 1898 – அக்டோபர் 9, 1944) ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஓவியரும், வடிவமைப்பாளரும், கலை ஆசிரியரும் ஆவார். ஜெர்மனியின் புகழ்பெற்ற பவுஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தெரசின் யூதர் முகாமில் அடைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியருக்கு ஓவியமும் கைவினையும் கற்பித்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். அவ்வகுப்புகளில் உருவான ஏறத்தாழ 4,500 படங்கள் போருக்குப் பின் மீட்கப்பட்டுப் பிராகாவில் உள்ள யூத அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றன.

பிறப்பும் கல்வியும்

பிரீடல் வியன்னா நகரில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். இவரது இயற்பெயர் பிரெடரிக்கா டிக்கர். தந்தை சைமன் டிக்கர் எழுதுபொருட் கடை ஒன்றில் பணியாற்றினார். தாய் கரோலின் 1902 ஆம் ஆண்டில், பிரீடலின் சிறுவயதிலேயே இறந்தார். தந்தையின் கடையில் கிடைத்த தாளும் வண்ணமும் களிமண்ணுமே இவரது முதல் கலைப் பொருட்களாயின.

தொடக்கத்தில் ஒளிப்படக்கலை பயின்ற பிரீடல், 1915 ஆம் ஆண்டில் வியன்னா கலைத்தொழில் பள்ளியில் சேர்ந்து துணி வடிவமைப்பைக் கற்றார். அங்கு பிரான்ஸ் சிசெக் என்பவரின் வகுப்பில் பயின்றது குறிப்பிடத்தக்கது. சிசெக் 1897 ஆம் ஆண்டிலேயே வியன்னாவில் சிறுவர்களுக்கென ஓவிய வகுப்பைத் தொடங்கியவர். பெரியவர்களின் ஓவியங்களைப் பார்த்து வரையச் சொல்லாமல், குழந்தைகளை அவர்கள் போக்கிலேயே வரைய விட வேண்டும் என்பது அவரது கொள்கையாகும்.

அடுத்ததாகப் பிரீடல் சுவிட்சர்லாந்து ஓவியரான யோஹானஸ் இட்டன் வியன்னாவில் நடத்திய தனிப் பள்ளியில் சேர்ந்தார். இட்டனின் பாடங்கள் மூச்சுப் பயிற்சியிலும் உடல் அசைவிலும் தொடங்கின. கை ஒரு கோட்டை வரையும் முன் அக்கோட்டின் தாளத்தை உடல் உணர வேண்டும் என்று அவர் கருதினார். இந்தப் பயிற்சி முறை பிற்காலத்தில் பிரீடலின் வகுப்புகளுக்கு அடிப்படையாக அமைந்தது.

பவுஹவுஸ் காலம்

1919 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வைமார் நகரில் பவுஹவுஸ் தொடங்கப்பட்டது. இட்டன் அங்கு ஆசிரியராகச் சென்றபோது பிரீடலும் நண்பர்கள் சிலரும் அவரைப் பின்தொடர்ந்தனர். 1923 வரை அங்கு பயின்ற பிரீடல் நெசவு, அச்சுக்கலை, நூற்கட்டு எனப் பல துறைகளில் தேர்ச்சி பெற்றார். பவுல் கிளே, ஆஸ்கர் ஷ்லெம்மர் ஆகியோர் அக்காலத்தில் அங்கு ஆசிரியர்களாக இருந்தனர். ஓவியம், கைத்தொழில் என்ற பிரிவினையை நீக்கி, கிடைக்கும் பொருளின் தன்மையை அறிந்து படைப்பது பவுஹவுஸ் கல்வியின் நோக்கமாக இருந்தது.

வடிவமைப்புப் பணிகள்

பவுஹவுசிலிருந்து வெளியேறிய பின் பிரீடலும் நண்பர் பிரான்ஸ் சிங்கரும் பெர்லினில் கலைக்கூடம் ஒன்றை நடத்தினர். பின்னர் வியன்னா திரும்பி, சிங்கருடன் இணைந்து கட்டட உள்ளமைப்பு மற்றும் மரச்சாமான் வடிவமைப்பு நிறுவனத்தை நடத்தினார். சிறிய வீடுகளுக்கேற்றவாறு மடக்கவும், அடுக்கவும், வேறு பயனுக்கு மாற்றவும் கூடிய மேசை நாற்காலிகளை இவர்கள் வடிவமைத்தனர். வியன்னாவின் கோத்தேஹோஃப் குடியிருப்பில் அமைந்த மொண்டிசோரி மழலையர் பள்ளியின் உள்ளமைப்பு இவர்களது முக்கியப் பணிகளுள் ஒன்றாகும். 1931 ஆம் ஆண்டில் மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்குக் கலைப் பயிற்சி அளிக்கும் பொறுப்பும் பிரீடலுக்குக் கிடைத்தது.

சிறையும் பிராகா வாழ்வும்

பொதுவுடைமைக் கட்சியில் ஈடுபாடு கொண்டிருந்த பிரீடல், பாசிசத்தை எதிர்க்கும் சுவரொட்டிகளை ஒளிப்படத் துண்டுகளைக் கொண்டு உருவாக்கினார். 1934 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின், இவரது பணிக்கூடத்தில் போலிக் கடவுச்சீட்டுகள் கண்டெடுக்கப்பட்டதாகக் கைது செய்யப்பட்டார். விசாரணை அனுபவத்தைப் பின்னர் ஓவியமாகவும் தீட்டினார். விடுதலையான பின் செக்கோசிலோவாக்கியாவின் தலைநகரான பிராகாவுக்குச் சென்றார்.

பிராகாவில் இவர் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த அகதிகளின் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். வீட்டையும் நாட்டையும் இழந்து வந்த குழந்தைகள் வரையும்போது மெல்ல மெல்ல நிலைகொள்வதை இங்குதான் இவர் அருகிருந்து கண்டார். வியன்னாவிலிருந்து இவரைப் பின்தொடர்ந்து வந்த மாணவி எடித் கிரேமர் இவ்வகுப்புகளில் உதவினார்.

1936 ஆம் ஆண்டில் பிரீடல் தம் உறவினரான பாவெல் பிராண்டைசை மணந்தார். 1938 ஆம் ஆண்டில் இருவரும் ஹ்ரோனொவ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்து அங்கிருந்த துணி ஆலையில் பணிபுரிந்தனர். பாலஸ்தீனத்துக்குச் செல்ல இவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் கணவருக்கு அனுமதி இல்லாததால் இவர் அதனை ஏற்கவில்லை. 1939 ஆம் ஆண்டில் நாட்சி ஜெர்மனி அப்பகுதியைக் கைப்பற்றிய பின் யூதர்களின் வேலையும் உரிமைகளும் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன.

தெரசின் முகாம்

தெரசின் என்பது பிராகாவுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட ஒரு கோட்டை நகரமாகும். 1941 நவம்பரில் நாட்சிகள் இதனை யூதர் முகாமாக மாற்றினர். ஏறத்தாழ 1,40,000 பேர் இங்கு கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் சுமார் 33,000 பேர் பசியாலும் நோயாலும் இங்கேயே இறந்தனர். 80,000க்கும் மேற்பட்டோர் கிழக்கிலிருந்த கொலை முகாம்களுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர்.

பிரீடலும் பாவெலும் 1942 டிசம்பர் 17 அன்று தெரசினுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒருவர் 50 கிலோகிராம் எடையுள்ள பொருட்களை மட்டுமே எடுத்துவர அனுமதிக்கப்பட்டது. பிரீடல் தமது மூட்டையின் பெரும்பகுதியை ஓவியப் பொருட்களால் நிரப்பினார். படுக்கை விரிப்புகளையும் வண்ணம் தோய்த்து எடுத்து வந்தார். குழந்தைகளின் நாடகங்களில் அவை காடாகவோ வயலாகவோ பயன்படும் என்பது அவர் எண்ணமாகும்.

முகாமில் முறையான பள்ளிக் கல்வி தடை செய்யப்பட்டிருந்தது. பாட்டும் ஓவியமும் கைவினையும் பொழுதுபோக்காகக் கருதப்பட்டுப் பொறுத்துக்கொள்ளப்பட்டன. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள் பலர் தனி இல்லங்களில், மூன்றடுக்குக் கட்டில்கள் நெருக்கமாகப் போடப்பட்ட அறைகளில் தங்கவைக்கப்பட்டனர். எல் 410 என்ற எண் கொண்ட சிறுமியர் இல்லமே பிரீடலின் வகுப்புகளுக்கு முக்கிய இடமாக இருந்தது.

கற்பித்தல் முறை

வகுப்பு பெரும்பாலும் தாளப் பயிற்சியுடன் தொடங்கியது. ஆசிரியர் ஒலிக்கும் தாளத்திற்கேற்ப குழந்தைகள் வட்டம், வளைவு, அலை ஆகியவற்றை விரைவாக வரைந்தனர். இது கையின் இறுக்கத்தைத் தளர்த்தி, அன்றைய அச்சங்களிலிருந்து கவனத்தைத் திருப்ப உதவியது. அதன் பின் ஒரு கதையோ பொருளோ கருவாகத் தரப்பட்டது. மரம், பூச்சாடி போன்றவற்றை நேரில் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், பழைய ஓவிய மேதைகளின் படங்களை வண்ணத் தாள்களால் மீண்டும் அமைத்தல் ஆகியவையும் பாடங்களாக இருந்தன.

தாள் மிக அரிதாகவே கிடைத்தது. அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொட்டலத் தாள், அட்டைத் துண்டு என எது கிடைத்தாலும் பயன்படுத்தப்பட்டது. தாள்களைக் கிழித்தும் வெட்டியும் ஒட்டி உருவாக்கும் ஒட்டுப்படங்கள் மிகுதியாக இருப்பதற்கு இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணமாகும். அச்சிட்ட எழுத்துகள் தெரியும் படிவமொன்று ஒரு குழந்தையின் படத்தில் வீடாகவோ மலையாகவோ மாறியது. ஒரே தூரிகையையும் ஒரே வண்ணப் பெட்டியையும் பலர் பகிர வேண்டியிருந்ததால், விட்டுக்கொடுத்துக் காத்திருப்பதும் வகுப்பின் ஒரு பகுதியாயிற்று.

குழந்தைகளை ஓவியர்களாக ஆக்குவது பிரீடலின் நோக்கம் அன்று. 1943 ஆம் ஆண்டு ஜூலையில் எல் 410 இல்லத்தின் நிலவறையில் குழந்தைகளின் ஓவியக் கண்காட்சி நடத்தப்பட்டது. அதனையொட்டி ஆசிரியர்களுக்கு அவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் பாதுகாக்கப்பட்டுள்ளது. குழந்தையின் படத்தைப் பெரியவர்களின் அளவுகோலால் திருத்தக் கூடாது என்பதும், ஆயத்தமான வழியை முன்கூட்டியே காட்டும் ஆசிரியர் குழந்தை தானே கண்டறியும் வாய்ப்பை அடைத்துவிடுகிறார் என்பதும் அவ்வுரையின் சாரமாகும்.

படங்களில் குழந்தையின் பெயர் எழுதப்பட வேண்டும் என்பதில் பிரீடல் கவனமாக இருந்தார். பல படங்களில் பெயருடன் அறை அல்லது குழு எண்ணும் நாளும் காணப்படுகின்றன. முகாமின் நிர்வாகத்தில் ஒவ்வொருவரும் ஒரு வண்டித்தொடர் எண்ணாகக் குறிக்கப்பட்ட சூழலில், தன் பெயரைத் தன் படைப்பில் எழுதுவது குழந்தைக்குத் தனித்தன்மையைத் திருப்பித் தந்தது எனலாம். தமது சொந்த ஓவியங்கள் பலவற்றில் பிரீடல் கையொப்பமிடவில்லை.

குழந்தைகளின் படங்களில் உணவு வரிசை, அடுக்குக் கட்டில், காவலர் போன்ற முகாம் காட்சிகள் சில உண்டு. ஆயினும் விட்டு வந்த வீடு, பூந்தோட்டம், பட்டாம்பூச்சி, சாலை, தேவதைக் கதைகள் ஆகியவையே மிகுதியாக உள்ளன.

இறுதி நாட்கள்

1944 செப்டம்பர் 28 அன்று பாவெல் தெரசினிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். கணவருடன் சேர விரும்பிய பிரீடல் அடுத்து வந்த வண்டித்தொடர்களுள் ஒன்றில் செல்லத் தாமே முன்வந்தார். அக்டோபர் 6 அன்று புறப்பட்ட அவர், அக்டோபர் 9 அன்று அவுஷ்விட்ஸ்-பிர்கனோ முகாமில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 46. பாவெல் போரில் உயிர் தப்பினார். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு மாதத்திற்குள் தெரசினிலிருந்து 18,000க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். பிரீடலின் மாணவர்களும் அவர்களுள் இருந்தனர்.

ஓவியங்கள் மீட்பு

புறப்படுவதற்கு முன் குழந்தைகளின் படங்கள் இரண்டு பெட்டிகளில் அடுக்கப்பட்டு இல்லத்தில் மறைத்து வைக்கப்பட்டன. முகாம் விடுவிக்கப்பட்ட பின், 1945 ஆம் ஆண்டில், சிறுமியர் இல்லத்தின் பொறுப்பாளராக இருந்த வில்லி குரோக் அப்பெட்டிகளைப் பிராகாவின் யூத சமூகத்தினரிடம் ஒப்படைத்தார். அப்போது அவற்றின் மதிப்பை உணர்ந்தோர் மிகச் சிலரே. பின்னர் அவை யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

படங்களில் இருந்த பெயர்களும் முகாம் பதிவேடுகளும் ஒப்பிடப்பட்டபோது, வரைந்த குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டது தெரியவந்தது. அவர்களுள் பலரைப் பொறுத்தவரை, பெயரிட்ட அந்த ஒரு தாளே அவர்கள் கையால் விட்டுச் சென்ற தடயமாகும்.

தாக்கம்

எடித் கிரேமர் (1916–2014) 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்று, நியூயார்க் பகுதியில் மனநலச் சிக்கல்களுக்கு உள்ளான சிறுவர்களுடன் பணியாற்றினார். கலைவழி உளச்சிகிச்சை என்ற துறையை உருவாக்கியவர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். தமது அணுகுமுறைக்குப் பிரீடலின் வகுப்புகளே தொடக்கம் என அவர் குறிப்பிட்டுள்ளார். பிரீடல் தமது பணியைச் சிகிச்சை என அழைக்கவில்லை. அவருக்கு அது ஓவிய வகுப்பாகவே இருந்தது.

தெரசின் குழந்தைகளின் படங்களும் கவிதைகளும் அடங்கிய தொகுப்பு நூல் பல மொழிகளில் வெளியானது. பிராகாவின் பிங்கஸ் தொழுகைக் கூடத்தில் இப்படங்கள் காட்சிப்படுத்தப்பட்டன. பிரீடலின் சொந்த ஓவியங்களும் வடிவமைப்புகளும் நீண்ட காலம் அறியப்படாதிருந்து, 20 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கண்காட்சிகள் வழியாகக் கவனம் பெறத் தொடங்கின.