தங்கையை இழந்த வைத்தியர்

எனது சாச்சி தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதை ஐந்து மாதங்களாக ஒருவரிடமும் சொல்லவில்லை. வலி இல்லாததால் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்திருக்கிறார். வெட்கமும் ஒரு காரணம். கடைசியில் உம்மாவிடம் சொன்னார். உம்மா அடுத்த நாளே அவரை உக்குவளையிலிருந்து கண்டிக்குக் கூட்டிச் சென்றார். பரிசோதனைகளுக்குப் பிறகு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் இருந்தன. சாச்சி சுகமாவாரா என்பதை எல்லோரும் சத்தமாகக் கேட்டார்கள். இது பரம்பரை நோயா, வீட்டுப் பெண் பிள்ளைகளின் கல்யாணத்துக்குத் தடையாகுமா என்பதைச் சொந்தக்காரர்கள் சமையலறையில் மெதுவாகக் கேட்டார்கள். அந்தப் பெண் பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

அந்த நாட்களில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை வரலாற்றை வாசித்தேன். அவர் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி அதிபர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மரபில் பிறந்த பெண்களைச் சமூகம் தாழ்வாகவே பார்த்தது. பிறப்பை வைத்து ஒரு பெண்ணை எடைபோடுவது எப்படி வலிக்கும் என்பதை முத்துலட்சுமி சிறு வயதிலேயே தாயின் வாழ்க்கையில் கண்டிருப்பார்.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் அனுமதி கொடுத்ததால் ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

பின்னர் சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கும் மசோதாவை அவர் அங்கே கொண்டுவந்தார். அது முழுமையான சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முஸ்லிம் மாணவிகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி அமையவும் அவர் உழைத்தார் என்று வாசித்தபோது, எங்களைப் போன்றவர்களையும் அவர் நினைத்திருக்கிறாரே என்று மகிழ்ந்தேன். 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துத் தன் பதவியைத் துறந்தார்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது 1923ஆம் ஆண்டுதான். அந்த ஆண்டில் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்கா வைத்தியராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த இடத்தை வாசித்தபோது உம்மாவும் சாச்சியும்தான் என் கண்முன் வந்தார்கள்.

அந்தத் துக்கத்தை அவர் மறக்கவுமில்லை, அதோடு முடங்கிவிடவுமில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே புற்றுநோய்க்கென ஒரு வைத்தியசாலை வேண்டுமென்று உறுதி பூண்டார். புற்றுநோய் வந்தால் மரணம் நிச்சயம், அதற்கு எதற்கு வைத்தியசாலை என்று பலர் நினைத்த காலம் அது. அவர் சளைக்காமல் நிதி சேர்த்தார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி அடையாறில் 12 கட்டில்களோடு அந்த வைத்தியசாலை திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். தங்கை இறந்து 31 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த 12 கட்டில்கள் அவை.

முத்துலட்சுமி 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி காலமானார். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. 1 என்ற பரம்பரை அலகு கண்டறியப்பட்டது 1994இல். அவர் தொடங்கிய அதே நிறுவனத்தில் இன்று பரம்பரைப் புற்றுநோய் உள்ள குடும்பங்களுக்கு ஆலோசனையும் பரிசோதனையும் நடைபெறுகின்றன.

எங்கள் வீட்டின் இரண்டாவது கேள்விக்கு நான் உயிரியல் பாடத்தின் வழியாக விடை தேடினேன். மார்பகப் புற்றுநோய் வந்த 100 பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கே அது பெற்றோரிடமிருந்து வந்த ஒரு விகாரத்தால் ஏற்படுகிறது. அந்த விகாரம் தாய்வழியாக மட்டுமல்ல, தந்தைவழியாகவும் வரலாம். ஆகவே பெண் வீட்டாரை மட்டும் குறை சொல்வதில் அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை.

நிர்ப்பீடனத்தின் கதை இன்னும் வியப்பானது. எமது கலங்கள் தமக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை வெளிப்புறத்தில் ஏந்திக் காட்டுகின்றன. அதைப் பார்த்துத்தான் வெண்குழியங்கள் கெட்டுப்போன கலத்தை இனங்காண்கின்றன. ஏந்திக் காட்டும் மூலக்கூறுகளை உருவாக்கும் எச்.எல்.ஏ. பரம்பரை அலகுகள் 6ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளன. மனிதருக்கு மனிதர் மிக அதிகமாக வேறுபடுபவை இவை. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பொருத்தம் பார்ப்பதும் இவற்றைத்தான். இந்த வேறுபாடுகளால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்போ, சிகிச்சைக்கு உடல் இணங்கும் விதமோ மாறுகிறதா என்று நோயாளர்களின் இரத்தத்தை எடுத்து ஆராய்கிறார்கள். இப்படியான சிறு வேறுபாடு ஒன்று தனித்து நின்று ஒருவரின் விதியைத் தீர்மானிப்பதில்லை. அது நம் ஒவ்வொருவரிலும் இருக்கிறது, சமையலறையில் மெதுவாகப் பேசியவர்களிலும் இருக்கிறது.

பிறப்பால் வந்ததை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பது எங்கள் கையில் இருக்கிறது. முத்துலட்சுமியின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

சாச்சிக்குச் சத்திரசிகிச்சை முடிந்து மருந்து ஏற்றுகிறார்கள். தலைமுடி உதிர்ந்திருக்கிறது, பேச்சு மட்டும் குறையவில்லை. இப்போது வீட்டுக்கு வரும் பெண்களிடம் தன் நோயின் பெயரைத் தானே சொல்கிறார். சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள் என்று குடும்பநல மாது பல முறை சொல்லியிருந்தும், எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போனதில்லை. சென்ற மாதம் உம்மா போனார். பக்கத்து வீட்டு மாமியையும் கூட்டிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று அவர்கள் இருவரும் பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.