மறவாத உடலை அறிந்த மேதை



மொனராகலை இறப்பர் தோட்டங்களில் ஒட்டுக்கன்று கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மரத்தின் மொட்டை வேறொரு கன்றின் தண்டில் வைத்துக் கட்டினால் அது பிடித்துக்கொள்கிறது. மனித உடலோ அப்படி இலகுவில் இணங்குவதில்லை. உடன்பிறந்தவர் தந்த சிறுநீரகத்தைக்கூட அந்நியப் பொருளென்று கருதி அழிக்க முற்படுகிறது. இதன் காரணத்தை உலகுக்கு விளக்கியவர் பீற்றர் மெடாவர்.

இவர் 1915ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் பிறந்தார். தந்தை லெபனானைச் சேர்ந்தவர், தாய் ஆங்கிலேயர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தீக்காயமுற்றோருக்குத் தோல் ஒட்டும் முயற்சியில் ஈடுபட்டு, கிளாஸ்கோ நகர வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே தீக்காயமடைந்த ஒரு பெண்ணுக்கு அவரது சொந்தத் தோலும், சகோதரனின் தோலும் ஒட்டப்பட்டன. சொந்தத் தோல் நிலைத்தது. சகோதரனின் தோல் அழிந்தது. இரண்டாம் முறை சகோதரனின் தோலை ஒட்டியபோது, அது முன்னையிலும் விரைவாக அழிந்தது. அந்நியத் தோலை உடல் நினைவில் வைத்துக்கொண்டு எதிர்க்கிறது என்பதை மெடாவரும் சத்திரசிகிச்சை நிபுணர் தோமஸ் கிப்சனும் 1943இல் எடுத்துரைத்தனர்.

இந்த எதிர்ப்பைத் தணிக்க முடியுமா? கருவிலேயே வேற்று உயிரணுக்களைப் பெற்ற சுண்டெலிகள், வளர்ந்தபின் அதே இனத் தோலை ஏற்றுக்கொண்டன. 1953இல் வெளியான இவ்வாய்வு மருத்துவ உலகுக்கு நம்பிக்கையூட்டியது. 1960இல் அவுஸ்திரேலிய அறிஞர் பேர்னற்றுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1954இல் பொஸ்டனில் ஜோசப் மரே ஒத்த இரட்டையரிடையே சிறுநீரகம் மாற்றி வெற்றிகண்டார். இருவர் உடலும் ஒரே தன்மையுடையதால் எதிர்ப்பு எழவில்லை. மற்றையோருக்கு மருந்தே துணையாயிற்று. அறுபதுகளில் அசதயோபிரினும், பின்னர் சைக்ளோஸ்போரினும், டக்ரோலிமசும் வந்தன. இந்தியாவில் 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றிபெற்றது.

1969இல் எக்ஸ்டர் பேராலயத்தில் மறைநூல் வாசகம் வாசித்துக்கொண்டிருந்த வேளையில் மெடாவரைப் பக்கவாதம் தாக்கியது. ஊனமுற்ற உடலோடும் ஆய்வையும் எழுத்தையும் அவர் கைவிடவில்லை. 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி காலமானார்.

உங்கள் வீட்டில் மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழ்பவர் உண்டா? உடம்பு தேறிவிட்டதென்று அவர் குளிசையை நிறுத்த விடாதீர்கள். வருடங்கள் பல சென்றாலும் உடல் மறப்பதில்லை. மருந்து நின்றால் எதிர்ப்பு மீண்டும் தலைதூக்கும். தொடக்கத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையே அதைக் காட்டிக்கொடுக்கும். ஆகையால் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். வைத்தியரைக் கேளாமல் நாட்டு மருந்தோ, கடையில் வாங்கிய குளிசையோ கொடுக்காதீர்கள். எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து நோய்க்கிருமிகளைத் தடுக்கும் ஆற்றலையும் குறைப்பதால், காய்ச்சல் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு தாயோ சகோதரனோ தம் உடலிலிருந்து பகிர்ந்தளித்த கொடை அது. நாள் தவறாமல் உட்கொள்ளும் குளிசையே அக்கொடையைக் காக்கும் காவல்.